சரக்கு வண்டி வாங்குமுன் லோடு பாடியையும் கேபினையும் அளந்து பாருங்கள்



ஒரு மளிகைக் கடை ஓரளவு வளர்ந்துவிட்டது என்பதற்கு இன்று உத்திரமேரூர் கடைத்தெருவில் அடையாளம், வாசலில் நிற்கும் சொந்தச் சரக்கு வண்டிதான். காஞ்சிபுரம் சுமார் 30 கிலோமீட்டர், செங்கல்பட்டும் ஏறக்குறைய அவ்வளவே, சென்னை ஏறத்தாழ 90. பார்சல் ஆபீசில் சரக்கை இறக்கிவிட்டு, அங்கிருந்து மாட்டு வண்டியிலோ டிரை சைக்கிளிலோ கடைக்குக் கொண்டு வந்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது விடியற்காலையில் சொந்த வண்டியில் போய்க் கொள்முதல் முடித்து, பத்து மணிக்குள் கடைக்குத் திரும்பிவிடுகிறோம். மாலையில் அதே வண்டி மானாம்பதி, சாலவாக்கம், பெருநகர் என்று லைனுக்குப் போகிறது.

இத்தனைக்கும் ஆதாரமான அந்த வண்டியை நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? மைத்துனர் வாங்கியிருக்கிறார், அதையே வாங்குகிறோம். அல்லது ஷோரூமில் டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணாச்சி, இதுதான் இப்ப ஓடுது" என்கிறார்கள், முன்பணம் கட்டிவிடுகிறோம். துவரம் பருப்பு ஒரு மூட்டை வாங்கும்போது குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்து வாங்குகிற நாம், ஐந்து வருடத் தவணையில் வாங்கும் வண்டியின் கதவைத் திறந்து உள்ளே ஐந்து நிமிடம்கூட உட்கார்ந்து பார்ப்பதில்லை. குடவோலையில் பெயர் எழுதுமுன் ஒருவருக்கு என்ன வயது, எவ்வளவு நிலம், கணக்குக் காட்டியவரா என்றெல்லாம் தகுதி பார்க்க வேண்டும் என்று 919, 921-ம் ஆண்டுகளிலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் நம்முடையது. அந்த வழக்கத்தில் கொஞ்சம் வண்டி விஷயத்திலும் வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடம்.

பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்

பிக்கப் என்ற சொல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே முழு அளவுப் பிக்கப் என்றால் ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை போன்ற வண்டிகள். 1948-ல் தொடங்கிய இந்த வரிசை, 1977 முதல் அந்நாட்டில் அதிகம் விற்கும் டிரக் என்ற பெயரை விடாமல் வைத்திருக்கிறது. நான்கு கதவு எஃப்-150 ஏறத்தாழ 19 அடி நீளம். பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே ஆறரை அடிக்கு மேல் அகலம். உள்ளே சோபா போன்ற இருக்கை, ஏ.சி., பெரிய திரை எல்லாம் உண்டு. ஆனால் இந்த வகைக்கு அங்கே வழங்கும் பழைய பெயர் 'அரை டன்' வண்டி. இன்றைய மாடல்கள் அதைவிட அதிகம் ஏற்றும் என்றாலும், பெரும்பாலானவை ஒரு டன்னை ஒட்டியே நின்றுவிடும். பாடியின் நீளமும் ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டு அடி என்றுதான். பின் சக்கரங்களின் மேல் வளைவுகள் பாடிக்குள் புடைத்துக்கொண்டிருப்பதால், அந்த இடத்தில் உள் அகலம் நாலே கால் அடிதான் கிடைக்கும்.

நம் நாட்டில் அந்த ஜாதியைச் சேர்ந்தவை இசுசு வி-கிராஸ் (2016), டொயோட்டா ஹைலக்ஸ் (2022) போன்ற ஐந்து பேர் உட்காரும் வண்டிகள். அழகானவை, உறுதியானவை. ஆனால் மளிகைக்காரருக்கு அவை சரக்கு வண்டி அல்ல; பின்னால் பெட்டி வைத்த கார். இந்த வகையில் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, "கடைக்கும் ஆச்சு, குடும்பத்துக்கும் ஆச்சு" என்று கணக்குப் போடுபவர்கள், லோடு பாடியின் அளவை ஒரு முறை டேப் வைத்துப் பார்த்துவிட்டு மேலே யோசிக்கவும்.

நமக்கு உண்மையில் பயன்படும் வண்டிகளின் வரலாறு வேறு. 1980-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து ஸ்வராஜ் மஸ்தா, டி.சி.எம். டொயோட்டா, ஐச்சர் மிட்சுபிஷி, ஆல்வின் நிசான் என்ற சிறு லாரிகள் வந்தன. அவற்றுக்குப் போட்டியாக 1986-ல் டாடா இறக்கிய 407 இன்றும் நம் சாலைகளில் ஓடுகிறது. அதை வாங்க முடியாத சின்னக் கடைக்காரருக்கு வழி திறந்தது 2005-ல் வந்த டாடா ஏஸ். 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன், 750 கிலோ என்று வந்த அதற்கு நம் மக்கள் குட்டியானை என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் அசோக் லேலண்ட், நிசானோடு சேர்ந்து ஓசூரில் தயாரித்த தோஸ்த் வந்தது. 2016-ல் அந்தக் கூட்டு முடிந்து லேலண்ட் தனியே தொடர்கிறது. இவற்றுக்கு மேலே மஹிந்திராவின் பொலிரோ பிக்கப், 1.3 டன், 1.7 டன் என்று பல அளவுகளில் வந்திருக்கிறது. நம்மைப் பொறுத்தவரை முழு அளவுப் பிக்கப் என்பது இதுதான்.

எடை: விளம்பரத்தில் ஒன்று, கையில் ஒன்று

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெற்று எடை. மற்றொன்று, சரக்கோடு சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்ற மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் விற்பனையாளர் "இவ்வளவு ஏற்றலாம்" என்று சொல்கிறார். ஆனால் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வெற்று எடைக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால், அதில் டிரைவரின் எடையும் உதவியாளரின் எடையும் சேராது. அதாவது வண்டியில் ஏறும் ஒவ்வொரு ஆளும் உங்கள் சரக்கின் எடையில்தான் கழிகிறார்.

தோஸ்த் வண்டியை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 2,510 கிலோ. ஏற்றும் திறன் 1,250 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் என்றால் 50 சிப்பம் என்று வாயால் சொல்லிவிடலாம். டிரைவரும், நீங்களும், கடைப்பையனும் சேர்ந்து 195 கிலோ. வாங்கிய வாரத்திலேயே போடும் இரும்புக் கம்பிச் சட்டம், தார்ப்பாய், கயிறு எல்லாம் 75 கிலோ என்று வையுங்கள். மிச்சம் 980 கிலோ. 39 சிப்பத்தோடு சரி. 25 கிலோவுக்கு உட்பட்ட பைகளுக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பிறந்த 26 கிலோ சிப்பம் என்றால் 37. ஐம்பது எங்கே, முப்பத்தேழு எங்கே! சின்னக் கடைக்கு இந்த வித்தியாசம் ஒரு நடை போவதா, இரண்டு நடை போவதா என்ற வித்தியாசம்.

"கூடுதலாக நாலு மூட்டை போட்டால் வண்டி என்ன உடைந்தா போகும்?" என்ற பேச்சு நம் எல்லாருக்கும் பழக்கம். குட்டியானையில் ஒன்றரை டன் ஏற்றியதைப் பெருமையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இன்ஜின் இழுக்கும், அதில் சந்தேகம் இல்லை. நிற்குமா என்பதுதான் கேள்வி. எடை இரண்டு மடங்கானால் அதை நிறுத்த பிரேக்குக்கு வேண்டிய வேலையும் இரண்டு மடங்கு. எதிரே கல்குவாரி டிப்பர் வந்து, நீங்கள் ஓரம் ஒதுங்கி பிரேக்கை மிதிக்கும்போது அந்தக் கணக்கு தெரியவரும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எடை எண்ணும் அலங்காரத்துக்காக அச்சடித்தது அல்ல.

சட்டமும் 2019 செப்டம்பர் 1 முதல் கடுமையாகிவிட்டது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கும் செலவும் நம்முடையது. பாடிக்கு வெளியே பக்கவாட்டிலோ, பின்னாலோ, உயரத்திலோ அளவு மீறிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் தனியே 20,000. ஒரு நடைக்கு மளிகைச் சரக்கில் என்ன நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

லோடு பாடியை எதை வைத்து அளப்பது?

அடிக்கணக்கில் அளப்பதைவிட, நீங்கள் அதிகம் ஏற்றும் சரக்கை வைத்து அளப்பதே சிறந்தது. எண்ணெய் வியாபாரம் உள்ளவர்கள் 15 கிலோ சதுர டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கம் ஏறத்தாழ 235 மில்லிமீட்டர். முதலில் வந்த ஏஸின் பாடி 2,200 மில்லிமீட்டர் நீளம், 1,490 அகலம். குறுக்கே 6 டின், நெடுக்கே 9 டின், ஆக ஒரே அடுக்கில் 54 டின். டின்னோடு சேர்த்து ஒன்று 16 கிலோ என்றால் 864 கிலோ. ஒரே ஒரு அடுக்கு நிரப்பியதுமே 750 கிலோ எல்லையைத் தாண்டிவிட்டோம்! மேலே எவ்வளவோ இடம் காலியாக இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும்; அந்த இடம் நமக்கு உரியது அல்ல.

பொலிரோ பிக்கப்பில் 1.7 டன் வகையின் பாடி சுமார் 9 அடி நீளம், 1,700 மில்லிமீட்டர் அகலம். குறுக்கே 7, நெடுக்கே 11, ஆக 77 டின், 1,232 கிலோ. இங்கே ஒரு அடுக்கு போக இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஆனால் மிக்சர், அப்பளம், சேமியா, பிஸ்கட் என்று கனமில்லாத சரக்கை அதிகம் விற்பவருக்குக் கணக்கு தலைகீழ்: எடை பாதிகூட வராது, இடம் முழுவதும் நிரம்பிவிடும். அவர் டன்னைப் பார்க்க வேண்டியதில்லை. நீளத்தையும், கூண்டின் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஆகவே இரண்டு கடைக்காரருக்கு ஒரே வண்டி சரிப்படாது. மைத்துனர் வண்டி நமக்கு ஏன் ஒத்துவராது என்பதற்கு இதுவே காரணம்.

பாடியின் தரையைக் கையால் தடவிப் பாருங்கள். அலை அலையாக மடித்த தகடாக இருந்தால் உறுதி அதிகம். ஆனால் மூட்டையை இழுக்கும்போது சாக்கு கிழியும். மேலே ஒரு ரப்பர் விரிப்போ பலகையோ போட்டால் தீர்ந்தது. உப்பும் வெல்லமும் ஏற்றுபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். உப்பு நீர் கசிந்து தகட்டின் மடிப்பில் தங்கினால் மூன்றே மழைக்காலத்தில் தரை அரித்துவிடும். மூன்று பக்கமும் திறக்கும் பாடியா என்று பாருங்கள். குறுகிய தெருவில் பின்பக்கம் இன்னொரு வண்டி நின்றால், பக்கப் பலகையை இறக்கித்தான் சரக்கை எடுக்க முடியும். தரையிலிருந்து பாடி எவ்வளவு உயரம் என்பதையும் கவனிக்கவும். சின்ன வண்டிகளில் பாடி தாழ்ந்திருக்கும். பெரிய பிக்கப்பில் உயர்ந்திருக்கும். 50 கிலோ சர்க்கரை மூட்டையைத் தோளிலிருந்து இறக்கும் ஆளைக் கேட்டால், அரை அடி உயரம் என்ன வித்தியாசம் செய்யும் என்று அவர் சொல்வார். அவரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போவதில் குறைவு ஒன்றும் இல்லை.

கனமான சரக்கை எப்போதும் கேபினை ஒட்டி, தரை மட்டத்தில் வையுங்கள். 9 அடி, 10 அடி பாடிகளில் பின் அச்சுக்குப் பின்னாலும் நிறைய இடம் நீண்டிருக்கும். அங்கே சர்க்கரை மூட்டையை அடுக்கினால் முன்பக்கம் லேசாகித் தூக்கும். ஸ்டியரிங் பிடி தளரும். ஊரில் மாட்டு வண்டிக்குப் பின்பாரம் ஆகாது என்பார்களே, அதே சங்கதிதான்.

கேபின்: யாரும் பார்க்காத பகுதி

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வண்டி வாங்குபவர் முதலாளி. அதில் தினமும் ஐந்தாறு மணி நேரம் உட்காரப்போகிறவர் தம்பியோ, மகனோ, சம்பளத்துக்கு இருக்கும் டிரைவரோ. பெரும்பாலான கடைகளில் இருவரும் ஒருவராகவே இருப்பார். எப்படியானாலும், ஓட்டப்போகும் ஆளை உடன் அழைத்துச் சென்று இருக்கையில் உட்கார வைக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் இன்ஜின் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஏஸ், தோஸ்த் போன்ற வண்டிகளில் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அதனால் மொத்த நீளம் குறைந்து, பாடிக்கு இடம் அதிகம் கிடைக்கிறது. கடைத்தெருவில் திருப்புவதும் எளிது. ஆனால் சித்திரை வெயிலில் இன்ஜின் சூடு இருக்கைக்கு ஏறும். இன்னொன்றும் உண்டு. ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது கொஞ்சம் தகடும் கண்ணாடியும்தான். பொலிரோ பிக்கப்பில் இன்ஜின் முன்னால் பானெட்டுக்குள் இருக்கிறது. சூடு குறைவு, நேருக்கு நேர் மோதினால் ஆளுக்கும் எதிர் வண்டிக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. ஆயில் பார்க்கவும், தண்ணீர் ஊற்றவும் பானெட்டைத் தூக்கினால் போதும்; இருக்கையைக் கவிழ்க்க வேண்டியதில்லை. அதற்கு விலையாக வண்டி நீளமாகிறது, திருப்ப அதிக இடம் வேண்டும். என்னைக் கேட்டால், சென்னை நெடுஞ்சாலையில் வாரம் மூன்று நாள் ஓடும் வண்டிக்குப் பானெட் உள்ளதே மேல். ஊருக்குள்ளும் சுற்றுக் கிராமங்களிலும் மட்டும் சுற்றும் வண்டிக்குக் குட்டையானதே வசதி.

இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தி, இருபது நிமிடம் அப்படியே இருங்கள். விற்பனையாளர் வெளியே நின்று பேசட்டும். கிளட்சை ஐம்பது முறை மிதித்துப் பாருங்கள். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா? முதுகு சாயும் பலகை நேராகச் சுவர் மாதிரி நிற்கிறதா, கொஞ்சமாவது சாய்கிறதா? இருக்கை முன்னும் பின்னும் நகருமா? பல சரக்கு வண்டிகளில் இருக்கை அசையாது; ஐந்தடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே இடம். இடுப்பு வலி, கழுத்து வலி என்று பின்னாளில் வைத்தியரிடம் போகும் செலவு இங்கிருந்தே தொடங்குகிறது.

நடுவில் உட்காருபவரின் காலுக்கு இடையே கியர் லீவர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூன்று பேர் என்பது பெயருக்குத்தான். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அவர் காலை ஒதுக்க வேண்டும். ஒதுக்காத நேரத்தில் கியர் விழாது. ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று பதிவாகியிருக்கிறதோ அத்தனை சீட் பெல்ட் இருக்கிறதா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பவர் ஸ்டியரிங் தேவையா என்று கேட்பவர்கள், முழு லோடோடு நின்ற இடத்தில் ஒரு முறை ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கவும். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. ஏ.சி. பற்றி நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. சரக்கு வண்டிக்கு எதற்கு ஆடம்பரம் என்பார்கள். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளின் டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசே அறிவிக்கை வெளியிட்டது. நம் சின்ன வண்டிகள் அந்த வரம்புக்குள் வராவிட்டாலும், அதன் காரணம் நமக்கும் பொருந்தும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கோயம்பேடு போய், பகல் பதினொரு மணி வெயிலில் திரும்பி ஓட்டுபவருக்குக் கண் அயர்வதை எந்த ஹாரனும் தடுக்காது. ஏ.சி. வேண்டாம் என்றால் காற்று வரும் துவாரங்களாவது முகத்துக்கு நேராக இருக்கின்றனவா, பின்கண்ணாடி திறக்குமா என்று பாருங்கள்.

பின்கண்ணாடி என்றதும் ஒரு எச்சரிக்கை. கேபினுக்கும் பாடிக்கும் நடுவே உறுதியான இரும்புத் தடுப்பு இருக்க வேண்டும். அவசரமாக பிரேக் போட்டால் எண்ணெய் டின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பிடரிக்கு வரும்.

சின்ன விஷயங்களையும் விட்டுவிடாதீர்கள். பில் புத்தகம் வைக்கும் பெட்டிக்குப் பூட்டு உண்டா? லைனில் வசூலான பணத்தைத் திறந்த தட்டில் வைத்துவிட்டுக் கடைக்குள் சரக்கு இறக்கப் போக முடியாது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும்; அது இருப்பது செல்போனில். ஆகவே போன் சார்ஜ் போடும் இடம் இப்போது வசதி அல்ல, தேவை. இரவில் கேபின் விளக்கு பில் படிக்கும் அளவுக்கு எரிகிறதா என்றும் போட்டுப் பாருங்கள். பெரிய திரை, பாட்டு, பலவண்ண சீட் கவர் எல்லாம் கடைசியில்.

மூட்டை மேல் ஆள்

கேபினில் இடம் போதாதபோது நாம் என்ன செய்கிறோம்? சுமை தூக்கும் ஆட்களைப் பின்னால் மூட்டை மேல் உட்கார வைக்கிறோம். நம் வட்டாரத்தில் இதை யாரும் தப்பென்றே நினைப்பதில்லை. ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏற்றிச் செல்லும் ஆளுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியிருக்கிறது. 1994-ல் வந்த திருத்தம் சரக்கின் சொந்தக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் பாதுகாப்புக்குள் கொண்டு வந்தது. அதுவும் அவர் கேபினுக்குள் உட்கார்ந்து வந்தால்தான். பின்னால் இருந்து ஒருவர் விழுந்து இறந்தால், அந்தக் குடும்பத்துக்கான நஷ்டஈடு வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும். கடை, வீடு, நிலம் எல்லாவற்றையும் அது தொடும். விழுந்தவர் பத்து வருடமாக நம் கடையில் மூட்டை தூக்கியவராக இருப்பார் என்பது அதைவிடப் பெரிய கணக்கு.

எனவே தினமும் எத்தனை ஆள் வண்டியோடு போக வேண்டியிருக்கிறது என்று முதலில் எண்ணிவிட்டு, அத்தனை பேருக்கும் உள்ளே சட்டப்படி இருக்கை உள்ள வண்டியைத் தேடுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் கட்டும் வழியைக் கேட்டு வாங்கவும். தொகை சிறியது, கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டார்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை, சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னதை, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. அதுவரை "பேட்ஜ் இல்லை" என்ற காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் தொகை மறுக்கப்பட்டவர்கள் பலர்.

பெர்மிட்டும் வண்டித் தேர்வோடு சேர்ந்த விஷயமே. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை. 2,510 கிலோ தோஸ்த் இதற்குள் அடங்கும், 1.7 டன் ஏற்றும் பிக்கப் அடங்காது. சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றினாலும் அது போக்குவரத்து வாகனம்தான். மஞ்சள் போர்டும், எஃப்.சி.யும் உண்டு. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுதோறும்.

வரியும் எரிபொருளும்

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 8,26,000 ரூபாய் வண்டி என்றால் அதில் 1,26,000 வரி. சரக்கு ஏற்றும் வண்டிக்குக் கட்டிய இந்த வரியை, சாதாரண முறையில் பதிவு செய்துள்ள வணிகர் உள்ளீட்டு வரிச் சலுகையாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்குக் கிடைக்காது. சில்லறையாக விற்கும் அரிசி, பருப்பு போன்ற வரியில்லாப் பொருள்களும் கடையில் இருந்தால், அந்த விகிதத்துக்குச் சலுகை குறையும். எடுத்த வரித்தொகைக்குத் தேய்மானமும் சேர்த்துக் கேட்க முடியாது. பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண் இருக்கும்படி முதலிலேயே சொல்லி, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வண்டியைத் தம்பி பெயரில் வாங்கிவிட்டுக் கடைக்கணக்கில் வரியைக் கேட்பது நடக்காது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பல டீசல் வண்டிகளில் புகைக்கரி பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கடை என்று நின்று நின்று போகும் லைன் வண்டியில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியத் தொடங்கும். அப்படிப்பட்ட ஓட்டத்துக்குப் பெட்ரோல் வண்டியே தொல்லை குறைந்தது. சி.என்.ஜி. என்றால் சிலிண்டரின் எடை சரக்கில் கழியும் என்பதை நினைவில் வையுங்கள். 2022-ல் வந்த பேட்டரி ஏஸுக்கு ஒரு சார்ஜில் 154 கிலோமீட்டர் என்று சொன்னார்கள், 600 கிலோ ஏற்றும். காஞ்சிபுரம் போய்வரப் போதும். சென்னைக்குப் போய்வர, லோடோடு, அதை நம்ப முடியாது.

ஓட்டிப் பார்க்கும் முறை

ஷோரூமில் வெறும் வண்டியைக் கொடுத்து நல்ல ரோட்டில் ஒரு சுற்று ஓட்டச் சொல்வார்கள். அதில் எதுவும் தெரியாது. வெற்று வண்டி எல்லாமே பாய்ந்துதான் ஓடும். குறைந்தது அரை டன் மூட்டை ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரிய தொகை கட்டப்போகிறவருக்கு இதைக்கூடச் செய்யாத ஷோரூம், நாளை சர்வீசுக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். லோடோடு ஒரு மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா, வேகத்தடை ஏறி இறங்கும்போது பாடி ஆடுகிறதா, பின்னால் எடுக்கும்போது இரண்டு கண்ணாடியிலும் பாடியின் கடைசி மூலை தெரிகிறதா என்று பாருங்கள்.

டெலிவரி எடுக்கும் நாளில் சேஸிஸ் எண்ணைப் பில்லோடு ஒத்துப் பார்த்து, தயாரித்த மாதமும் வருடமும் என்ன என்று கேட்டு எழுதி வாங்கவும். டிசம்பரில் செய்த வண்டியை மார்ச்சில் புது வருடத்து வண்டி என்று தள்ளிவிடுவது உண்டு. விற்கும்போது ஒரு வருட மதிப்பு குறையும்.

கம்பிச் சட்டம், தார்ப்பாய் எல்லாம் போட்டு முடித்ததும், வழக்கமாகப் போகும் ஆட்களையும் உட்கார வைத்து, அரிசி ஆலையிலோ குவாரிப் பக்கமோ உள்ள எடை மேடையில் வண்டியை ஒரு முறை ஏற்றி இறக்குங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து அந்தச் சீட்டில் வரும் எண்ணைக் கழித்தால், இன்னும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது கிடைக்கும். அதைச் சிப்பக் கணக்கிலும் டின் கணக்கிலும் பெரிய எழுத்தில் எழுதி, கேபினுக்குள் டிரைவர் தலைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். கொள்முதல் மண்டியில் மூட்டை எண்ணி ஏற்றும் பையன் அதைப் பார்த்து நிறுத்திக்கொள்வான்.